கபஷிமாவின் கொண்டை ஊசி

ரயிலை விட்டு இறங்கும்போதே நமெகாவாவின் தோல்பையில் தீர்ப்பு தயாராக இருந்தது. மொத்தம் மூன்று தாள். 'விபத்துக்குக் காரணம்: பைலட்டின் கைத்தவறு' என்று முதல் தாளிலேயே எழுதியிருந்தது. கடைசித் தாளின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கபஷிமா என்ற பைலட் கையெழுத்துப் போட்டுவிட்டால் சனிக்கிழமை விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கூட வந்த மூன்று பேரைக் கொன்றவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அவன் விமானத்தை விட்டே இறங்கிவிடுவான். என்ஜினியர் நமெகாவா வரைந்த பறக்கும் படகின் மேல், அதாவது கடலிலிருந்தே கிளம்பிக் கடலிலேயே இறங்கும் அந்த விமானத்தின் மேல், ஒரு தூசி விழாது. அன்றைக்குப் புதன்கிழமை.

நமெகாவா கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தாள்களில் இருந்ததை அவர் மனதார நம்பினார். கெட்டவர்கள் செய்கிற தப்பைவிட நம்புகிறவர்கள் செய்கிற தப்பு ரொம்ப ஆழமாகப் போகும், அவ்வளவுதான்.

அந்தப் படகு அவருடைய ஏழு வருஷத்து உயிர். நான்கு எஞ்சின், பத்து ஆட்கள், ஒரே மூச்சில் இருபது மணி நேரம் பறக்கும். கடற்படை கேட்டதெல்லாம் வேகம், தூரம். வேகம் வேண்டுமென்றால் உடம்பு ஒல்லியாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும். காற்றுக்கு அது பிடிக்கும், தண்ணீருக்குப் பிடிக்காது. மெழுகில் குட்டிப் படகு செய்து, நீளத் தொட்டியில் கட்டி இழுத்து, நூறு தடவை பார்த்தார். நிஜப் படகு கடலில் இறங்கிய முதல் நாளே மூக்கிலிருந்து கிளம்பிய சாரல் எஞ்சின் விசிறிகளை அடித்து வளைத்துவிட்டது. மூக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாகக் கட்டை வைத்த பிறகுதான் சாரல் அடங்கியது. பார்க்க மாசிக் கருவாடு மாதிரியே இருந்ததால் தொழிற்சாலையில் அதற்கு 'மாசி' என்றே பெயர் வந்துவிட்டது.

இரண்டாவது வியாதிதான் பொல்லாதது. வேகம் பிடித்துத் தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிக்கொண்டு ஓடும்போது மூக்கு ஐந்து டிகிரி தூக்கியிருக்க வேண்டும். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் படகு ஓங்கில் மீன் மாதிரி முங்கி எழும்ப ஆரம்பித்துவிடும். முதல் துள்ளல் சிரிப்பாக இருக்கும், மூன்றாவதில் பல் கிட்டிப் போகும், ஐந்தாவதில் படகின் கழுத்து ஒடியும். சுமை குறைவாக இருந்தால் எப்படியோ தப்பிக்கலாம். முழுச் சுமை என்றால் தண்ணீர் மன்னிக்காது.

இதற்கு நமெகாவா கண்ட மருந்து ஒரு கம்பி. மூக்கின் மேல், பைலட்டின் கண்ணுக்கு நேராக எட்டடி தள்ளி நட்டுவைத்த கம்பி. அதில் மேலே ஒரு பல், கீழே ஒரு பல். கடலும் வானமும் சேரும் கோடு மேல் பல்லில் உட்கார்ந்தால் மூக்கு சரியாக ஐந்து டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தம். பைலட்டுகள் அதற்குக் 'கொண்டை ஊசி' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், நிலைத்துவிட்டது. அதைப் பார்த்து ஓட்டினவன் எவனும் துள்ளவில்லை, கபஷிமா ஒருவனைத் தவிர.

படகுத்துறையில் வலை பின்னுகிறவன் மாதிரி குந்தி உட்கார்ந்து நங்கூரக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான் அவன். இருபத்தெட்டு வயது. நெற்றியில் மூன்று வாரத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நமெகாவா யார் என்று சொன்னதும் எழுந்து விறைப்பாக நின்றான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். கண்ணுக்குக் கண் நேராகப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

"ஊசியப் பாக்கலயா நீ?" என்றார் நமெகாவா, எடுத்த எடுப்பிலேயே.

"பாத்தேன் இன்ஜினியரய்யா. மேல் பல்லுல கோடு இருந்துச்சு. நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

"இருந்திருந்தா படகு துள்ளியிருக்காதே."

"துள்ளுச்சே!"

"அதான் சொல்றேன். இருந்திருக்காது."

"ஐயா, நான் பழைய படகுல ஆயிரத்து ஐநூறு மணி நேரம் ஓட்டினவன். கோடு எது, அலை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்' என்று நமெகாவாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டார். பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினார். கபஷிமா வாங்கிப் படித்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவனோ தாளை ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"செத்துப் போனவங்கள்ல ஹிசாதான்னு ஒருத்தன், முன்மூக்குல காவல் பாக்குறவன். பத்தொன்பது வயசு. கடைசியா 'அண்ணே, ஆடுதே'ன்னு போன்ல சொன்னான். நான் 'சும்மா இருடா'ன்னேன்" என்றான். "இதுல கையெழுத்துப் போட்டா அவன் அம்மாவுக்கு மனசு ஆறும்னா இப்பவே போடறேன். ஆனா ஊசியப் பாக்கலன்னு போட மாட்டேன். பாத்தேன். அதே சுமைய ஏத்துங்க, அதே மாதிரி ஓட்டிக் காட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

தளத்தின் தலைவர் கமாண்டர் நகதோமி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு படகை உடைக்க அவரிடம் மிச்சப் படகு இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: மேலே கிளம்பக் கூடாது, தண்ணீரில் ஓட்டம் மட்டும், துள்ளினால் உடனே எஞ்சினை அடக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை என்று முடிவானது.

வியாழக்கிழமை மதியம் கபஷிமா அவரை வீட்டுக்கு அழைத்தான். தன் மேல் பழி எழுதிக்கொண்டு வந்தவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற ஆளை என்ன சொல்வது! ஊருக்குள் ஊதோன் நூடுல்ஸ் கடையின் மாடியில் ஒரே ஒரு அறை. அவன் மனைவி தமாயே கீழே அந்தக் கடையிலேயே மாவு மிதிக்கும் வேலை செய்தாள். நெற்றியில் மாவு அப்பியிருக்க, மூன்று கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

"நீங்கதானா அது? கொம்பு முளைச்ச ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன். இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க. சாப்பிடுங்க" என்றாள்.

"தமாயே!" என்றான் கபஷிமா.

"என்ன தமாயே? பசியோட இருந்தா மனுஷன் கண்டபடி எழுதுவான். வயிறு நெறஞ்சா கொஞ்சம் யோசிப்பான்."

நமெகாவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததே அன்றைக்குத்தான்.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே அவள் ஒரு மெத்தைக்கு உறை தைக்க உட்கார்ந்தாள். சதுரமான உட்காரும் மெத்தை, நன்றாகத் தடித்தது. தெற்குத் தீவிலிருந்து கபஷிமா மூட்டை கட்டிக்கொண்டு வந்த இலவம்பஞ்சு. விபத்தன்று அவனோடு கடலில் விழுந்து, மிதந்து, மீட்புப் படகுக்காரர்கள் கையில் சிக்கி வந்ததாம். பிரித்து, வெயிலில் காயவைத்து, பஞ்சைத் தட்டித் திரும்ப அடைத்திருக்கிறாள்.

"கடலே வேண்டாம்னு திருப்பிக் குடுத்திருக்கு. அதிர்ஷ்டம் உள்ளது. நாளைக்கு இத எடுத்துட்டுப் போங்க" என்று கணவனிடம் சொன்னாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை விரிகுடா கண்ணாடி மாதிரி கிடந்தது. அப்படிக் கிடந்தாலும் ஆகாது. வழவழப்பான தண்ணீர் படகின் அடியைக் கவ்விக்கொண்டு விடாது. ஒரு மோட்டார் படகு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தண்ணீரைக் கலைத்துவிட்டுப் போனது. எண்ணெய்க்கும் குண்டுக்கும் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றியிருந்தார்கள். இடப்பக்கம் கபஷிமா உட்கார்ந்தான், வலப்பக்கம் நமெகாவா. நான்கு எஞ்சினும் ஒரே குரலில் கத்தத் தொடங்கின.

முதலில் சாரல் எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. மாசி தன் வேலையைச் செய்தது, சாரல் கீழே அடங்கியது. படகு தண்ணீரின் மேல் ஏறியது. ஓட்டம் வேகம் பிடித்தது. கபஷிமாவின் கை நடுங்கவே இல்லை, அதை நமெகாவா பார்த்தார். அப்புறம்தான் ஊசியைப் பார்த்தார். 

"மூக்கு தூக்கியிருக்கு! இறக்கு!"

"இல்லையே, சரியா இருக்கு!"

"கோடு எங்க இருக்குன்னு பாருய்யா!"

"மேல் பல்லுல, ஐயா! மேல் பல்லுலதான்!"

"பொய்! பல்லுக்குக் கீழ கிடக்குது!"

"கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அடிவானம் ஒன்று, ஊசி ஒன்று, ஆளுக்கொரு கோடு! அடியிலிருந்து ஒரு குத்து விழுந்தது. மூக்கு மேலே போய்க் கீழே வந்தது. இரண்டாவது குத்தில் நமெகாவாவின் தலை மேல்தகட்டில் இடித்தது. கபஷிமா நான்கு எஞ்சின் கைப்பிடிகளையும் ஒரே இழுப்பில் பின்னால் இழுத்தான். படகு இரைந்துகொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்தது, பிறகு சும்மா மிதந்தது.

இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். நமெகாவா கத்துவதற்காகத் திரும்பினார். கத்த வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கபஷிமாவின் முகத்தைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. கரையில் கண்ணுக்குக் கண் நின்று சண்டை போட்ட ஆள், இங்கே எப்படி உயர்ந்தான்?

"எழுந்திரு."

"என்ன?"

"எழுந்திருய்யா மொதல்ல!"

கபஷிமா எழுந்தான். இருக்கையில் தமாயேயின் மெத்தை இருந்தது. நமெகாவா அதை எடுத்து விரலால் அளந்தார். உட்கார்ந்து அமுங்கிய பிறகும் இரண்டு அங்குலம். எட்டடிக்கு இரண்டு அங்குலம் என்றால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. கண் உயர்ந்தால் ஊசி தாழ்ந்து தெரியும். தாழ்ந்த ஊசியைக் கோட்டுக்குக் கொண்டுவர அவன் மூக்கைத் தூக்கியிருக்கிறான். சொன்னபடியே செய்திருக்கிறான் பாவி! கூடமே கோணல்தான்.

"எதுக்குய்யா இது?" என்றார்.

"எதுக்கா? உங்க இருக்கைல ஒரு நாளாச்சும் பதினெட்டு மணி நேரம் உக்காந்து பாத்தீங்களா? வெறும் தகரம். அத வரைஞ்சவனுக்குப் பின்பக்கமே கிடையாதான்னு தளத்துல எல்லாரும் கேக்குறாங்க. பாதிப் பேரு வீட்லேருந்து துண்டு, போர்வைன்னு ஏதாவது கொண்டுவந்து மடிச்சுப் போட்டுக்கறாங்க. இவ்ளோ தடியா என்னுது மட்டும்தான்."

வரைந்தவர் நமெகாவாதான். ஒரு படகுக்குப் பத்து இருக்கை, இருக்கைக்கு இரண்டு கிலோ மிச்சம் என்று மெத்தையை எடுத்துவிட்டு, அதற்காக மேலிடத்தில் பாராட்டும் வாங்கியிருந்தார்.

மெத்தை இல்லாமல் மறுபடி ஓட்டினார்கள். கோடு இருவருக்கும் ஒரே பல்லில் உட்கார்ந்தது. அதே மணல் மூட்டை, அதே தண்ணீர், படகு வெண்ணெயில் கத்தி போவது போல் போனது. நமெகாவா சந்தோஷத்தில் கைதட்டப் போனார். பக்கத்தில் கபஷிமாவின் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அவன் எஞ்சினை அடக்கினான். மடியில் கிடந்த மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதான்.

"இதுவா, ஐயா? மூணு பேரை இதுவா...?"

நமெகாவா அவன் முதுகில் கை வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மெத்தை போட்டு ஓட்டின முந்தின ரெண்டு தடவையும் லேசான சுமை. கொஞ்சம் ஆடுச்சு, அலைன்னு நெனச்சேன்" என்றான் அவன். பிறகு சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தத் தாள எடுங்க. கையெழுத்துப் போடறேன். கைத்தவறுன்னே இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? உன் மேல தப்பே இல்லன்னு இப்பத்தானே தெரிஞ்சுது!"

"மெத்தைன்னு எழுதினா ஊரு பூரா தெரியும். அவளுக்கும் தெரிஞ்சுடும். எனக்கு முதுகு வலிக்குதேன்னு ராப்பகலா உக்காந்து தைச்சவ. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. அவளால தாங்க முடியாது ஐயா."

"நீ கையெழுத்துப் போட்டா இன்னைக்குத் துண்டு போடறவங்க நாளைக்கு இதே மாதிரி மெத்தை போட்டு உக்காருவாங்கதானே? அடுத்த படகு உடையுமே?"

கபஷிமா மெத்தையை மடியில் இறுக்கிக்கொண்டான். மெத்தையைப் பற்றிச் சொன்னால் ஒருத்தி சாவாள், சொல்லாவிட்டால் பத்துப் பேர் சாவார்கள் என்று நின்றது கணக்கு. அவன் படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

நமெகாவா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தங்கியிருந்த அறையில் மூன்று தாளையும் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தப் பாவத்துக்கு இடம் தேடித் தேடிப் பார்த்தார். சுற்றிச் சுற்றி அது அவர் நாற்காலிக்கே வந்து நின்றது. தகர இருக்கை அவருடையது. ஊசி அவருடையது. ஊசியை நடும்போது தொழிற்சாலைப் பைலட்டை வெறும் இருக்கையில் உட்காரவைத்துக் கண்ணை அளந்தவர் அவர். பதினெட்டு மணி நேரம் உட்காருகிறவன் எதன்மேல் உட்காருவான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். ஒரே தாள் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை விசாரணையில் அதை நின்றுகொண்டு படித்தார். 'காரணம்: பைலட்டின் கண் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஊசி பொருத்தப்பட்டது. தவறு வடிவமைப்பாளருடையது. பைலட் விதிப்படியே ஓட்டினார். பரிகாரம்: எல்லாப் படகுகளிலும் முன்கண்ணாடியில் இரண்டாவதாக ஒரு கோடு வரைய வேண்டும். கண்ணாடிக் கோடும் ஊசியின் பல்லும் ஒன்றாகத் தெரியும்படி பைலட் தன் இருக்கையை ஏற்றி இறக்கிக்கொண்ட பிறகே படகை எடுக்க வேண்டும்.' மெத்தை என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

கமாண்டர் நகதோமி லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"கண்ணு எதனால உயர்ந்துச்சு?"

"ஆளுக்கு ஆள் உடம்பு வேறதானே, ஐயா" என்றார் நமெகாவா.

நகதோமி கபஷிமாவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா வரைபட மேசைக்கு நீங்க திரும்பிப் போக முடியாது. தெரியுமில்ல? தொழிற்சாலை கைவிட்டா அடுத்த மாசமே படையில சேருன்னு சிவப்புத் தாள் வரும். முப்பத்தஞ்சு வயசுல துப்பாக்கி தூக்கணும்."

"தெரியும், ஐயா."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏழு வருஷத்து உயிர் ஒரு கையெழுத்தில் போனது. வலித்தது, பொய் சொல்ல வேண்டாம். ஆனாலும் அன்றைக்குத்தான் ஒரு மாதத்தில் முதன்முறையாக நன்றாகத் தூங்கினார். கபஷிமாவுக்குப் படகு திரும்பக் கிடைத்தது.

தொழிற்சாலையிலிருந்து பதில் தந்தி வர ஒரு வாரம் ஆனது. அதுவரை நமெகாவா தளத்திலேயே இருந்து ஒவ்வொரு படகின் கண்ணாடியிலும் தன் கையாலேயே கோடு வரைந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போனார். அங்கே தமாயே காத்துக்கொண்டிருந்தாள். கையில் இலையில் சுற்றிய சோற்று உருண்டை. முகம் வெளுத்திருந்தது.

"வழியில சாப்பிடுங்க" என்றாள்.

"எதுக்கும்மா சிரமம்?"

"அவரு வந்து மெத்தை தொலைஞ்சு போச்சுன்னாரு. அந்த மனுஷனுக்குப் பொய் சொன்னா காது செவந்துடும். கடைல எல்லாப் பைலட்டும் கண்ணு உயரம், கண்ணு உயரம்னு ஒரே பேச்சு. உயரத்தக் கூட்டினது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

நமெகாவா பெட்டியைக் கீழே வைத்தார். "அம்மா, அது என் தப்பு. எழுதியும் குடுத்துட்டேன்."

"கடற்படைக்குக் குடுத்தீங்க. நல்லது, நன்றி" என்று இடுப்பை வளைத்து வணங்கினாள். "அந்த மூணு வீட்டுக்கு யாரு சொல்றது? நான் போயிட்டு வந்தேன். மூணு வீட்டுக்கும். என்ன நடந்துச்சுன்னு உள்ளது உள்ளபடி சொன்னேன்."

 அவர்கள் நிழலில் வைத்துக் காப்பாற்ற நினைத்தவள், தானாக வெயிலில் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வீட்ல கதவச் சாத்திட்டாங்க. ஒரு வீட்ல அழுதாங்க, நானும் அழுதேன். கடைசியா ஹிசாதா வீடு. அந்தம்மா ஒண்ணுமே சொல்லல. டீ வச்சுக் குடுத்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, 'பதினெட்டு மணி நேரம் உக்காரணுமாமே, என் பிள்ளைக்கும் உக்கார மெத்துன்னு ஏதாச்சும் இருந்துச்சா?'ன்னு கேட்டாங்க."

ரயில் வரும் சத்தம் கேட்டது. தமாயே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அந்தம்மா முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. படகு வரைஞ்சவரு நீங்கதானே, உங்களுக்குத் தெரியுமே. இருந்துச்சுதானே, ஐயா?"

முன்மூக்கில் உட்காருகிறவனுக்கு முதுகு சாயக்கூட இடம் கிடையாது. ஒரு முழத் தகரப் பலகை, அவ்வளவுதான்.

"இருந்துச்சும்மா. நல்ல மெத்தை" என்றார் நமெகாவா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் ரயிலில் ஏறிப் பலகையில் உட்கார்ந்தார். சோற்று உருண்டையை அவரால் பிரிக்க முடியவில்லை.